எடைமேடைக்கு முன்னால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மதியம் 2 மணி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், எங்கெங்கோ ஓடி ஓய்ந்த இயந்திரங்களெல்லாம் கண்முன்னால் போவதைப் பார்க்கலாம். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலைகள் இந்தப் பேட்டையில் நிறைய. பழைய பாலத்து கர்டர், நசுக்கிய காரின் கூடு, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் லாரியில் வந்து எடைமேடையில் ஏறும். எடை போட்ட சீட்டு கைக்கு வந்ததும் அந்தப் பொருளுக்கு அதுவரை இருந்த பெயர் போய்விடும். அப்புறம் அது வெறும் ஸ்கிராப்.

அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு லாரியின் மேலே பெரிய பல்சக்கரம் ஒன்று கிடந்தது. கேஸ் கட்டரால் இரண்டாக அறுத்திருந்தார்கள். அறுத்த இடம் நீலமும் பழுப்புமாக மின்னியது. மற்ற இடமெல்லாம் பல வருஷத்துக் கிரீஸ் கெட்டியாகிக் கறுத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பற்கள் எல்லாமே ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன. வருஷக்கணக்காக ஒரே திசையில் சுற்றிய சக்கரம் அப்படித்தான் தேயும். பாதியில் நின்றுபோன வார்ப்பு எழுத்துகள் நாலைந்து தெரிந்தன. மீதி எழுத்துகள் இன்னொரு லாரியில் இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஐடிஐ முடித்துவிட்டு இங்கே அப்ரண்டிஸாக வந்தவன். சொந்த ஊர் நெய்வேலிப் பக்கம். அவனுடைய அப்பா நெய்வேலி முதலாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஏண்ணே, எங்கப்பா வேலை பாத்த பிளாண்டையும் இப்படித்தான் அறுத்து எடுத்துட்டுப் போவாங்களா? பாக்குறதுக்குன்னு எதையாச்சும் நிறுத்தி வைக்க மாட்டாங்களா?”

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அங்கே அவனிடம் சொன்னதையும், வீட்டுக்கு வந்த பிறகு யோசித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் நிலக்கரி வந்து சேர்ந்து சாம்பலாகிற இடம் இது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கே கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்குகிறது. இன்றைக்குக் காமராஜர் துறைமுகம் என்கிறோமே, அது 2001இல் திறக்கப்பட்டதே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான். அங்கிருந்து கன்வேயர் பெல்ட்டில் அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. எரிந்த பிறகு கொஞ்சம் சாம்பல் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. கொஞ்சம் ஃபிளை ஆஷ் செங்கலாகவும் சிமெண்டாகவும் மாறி நம் வீட்டுச் சுவருக்குள் வருகிறது. கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு அத்திப்பட்டு புதுநகர் தாண்டும்போது தெரிகிற புகைபோக்கிகள் வழக்கமான காட்சி. இந்தப் பாதையின் மறுமுனையில் தால்சேரில் ஒரு பள்ளம் இருப்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே கரிச் சுரங்கத்தைப் பாதுகாப்பது என்று பேசும்போது, வெட்டிய குழி, ஏற்றிய துறைமுகம், எரித்த உலை, கொட்டிய சாம்பல் எல்லாவற்றையும் ஒரே கயிறாகத்தான் நான் பார்க்கிறேன். இந்தக் கயிற்றில் நமக்கு மிகவும் கிட்டே இருந்த முடிச்சு எண்ணூர் அனல் மின் நிலையம். அதன் முதல் யூனிட் 1970 மார்ச் 31இல் ஓடத் தொடங்கியது. 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச் 31இல் மூடினார்கள். சரியாக 47 வருஷம். வடசென்னையிலும் பொன்னேரி வட்டாரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் அந்த நிலையத்துச் சம்பளத்தில் வீடு கட்டின. அதே நிலையத்தின் சாம்பலால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீன் குறைந்தது என்று சொல்லும் குடும்பங்களும் அதே கரையில் இருக்கின்றன.

அப்படி ஓர் இடத்தை ஏன் சுலபமாகப் பாதுகாக்க முடிவதில்லை? சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பொன்னேரியிலிருந்து கிழக்கே பழவேற்காட்டுக்குப் போனால் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. வியாபாரத்துக்கு வந்து இங்கே இறந்துபோனவர்களின் பெயர் கல்லில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. நல்ல விஷயம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி ஒரு கட்டடமோ இடமோ பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 100 வருஷம் ஆகியிருக்க வேண்டும். 1970இல் ஓடத் தொடங்கிய நிலையம் 2070 வரை காத்திருக்க வேண்டும். நெய்வேலி 2062 வரை. கோயில் 100 வருஷம் சும்மா நிற்கும், கல்லறையும் நிற்கும். பாய்லர் நிற்குமா?

நிற்காது என்பதற்கான காரணம் இந்தக் கடலோரத்தில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது? உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கரியில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். ஓடுகிற ஆலையில் வருஷா வருஷம் ‘ஓவர்ஹால்’ நடக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், தேய்ந்த தகட்டை மாற்றுவார்கள். ஓட்டம் நின்ற மறுமாசமே இதெல்லாம் நின்றுபோகும். கல்லுக்கு நூறு வருஷம் செய்வதை இரும்புக்குப் பத்தே மழைக்காலம் செய்துவிடும். ஜப்பானில் நாகசாகிக்குப் பக்கத்தில் ஹஷிமா என்று ஒரு தீவு இருக்கிறது. கடலுக்கடியில் கரி வெட்டிய இடம். 1916இலேயே அங்கே தொழிலாளர்களுக்குக் கான்கிரீட்டில் அடுக்குமாடி கட்டினார்கள். 1974இல் சுரங்கம் மூடியதும் மொத்தத் தீவும் காலியானது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. கிடைத்தும் என்ன, புயலும் கடலும் அந்தக் கட்டடங்களை இடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. உள்ளே இருக்கிற கம்பி துருவேறி வீங்கினால் கான்கிரீட் வெடிப்பதை எந்தப் பட்டியலும் நிறுத்தாது.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் தம்பிக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னேன், ஏனென்றால் வெளியாட்கள் யாரும் யோசிக்காத விஷயம் இது.

கிணறு வெட்டும்போது ஊற்று வந்துவிட்டால் என்ன செய்வோம்? மோட்டார் போட்டு ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் வெட்டுவோம். மோட்டாரை நிறுத்தினால் ராத்திரிக்குள் நிரம்பிவிடும். சுரங்கமும் அதேதான், ஆழம் மட்டும் பலமடங்கு. நூறு வருஷம் ஓடிய சுரங்கம் என்றால் நூறு வருஷம் பம்ப் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சுரங்கத்தை மூடுகிற அன்று பம்பையும் நிறுத்தினால், பாதுகாக்க வேண்டிய இடமே தண்ணீருக்குள் போய்விடும். மேலே ராட்டினக் கோபுரம் நிற்கும், கீழே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்துப் பக்கம் சாட்டர்லி விட்ஃபீல்டு என்று ஒரு சுரங்கம். 1977இல் மூடியது. இரண்டே வருஷத்தில், 1979இல், மியூசியமாகத் திறந்தார்கள். பழைய தொழிலாளர்களே ஜனங்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நல்ல யோசனை, நல்ல கூட்டம். ஆனால் 1980களின் நடுவில் பக்கத்து வோல்ஸ்டன்டன் சுரங்கம் மூடியது. அங்கே பம்ப் நின்றது. பூமிக்கடியில் இரண்டு சுரங்கமும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அங்கே ஏறிய தண்ணீர் இங்கேயும் வந்துவிட்டது. கடைசியில் மேல்மட்டத்தில் செயற்கையாக ஒரு சுரங்க வழி அமைத்துக் காட்டினார்கள். அதுவும் நீடிக்கவில்லை, 1993இல் மியூசியமே மூடியது. நம் வீட்டுக் கூரையை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினால் நம் வீடு மூழ்கும் என்கிற மாதிரிதான் இது.

ஜெர்மனியில் ரூர் பகுதி இன்னும் தெளிவான உதாரணம். அங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கரி எடுத்ததில் நிலமே இறங்கிவிட்டது. சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் அமுங்கியிருக்கிறது. பம்பை நிறுத்தினால் ஊர்களே மூழ்கும். 2018 டிசம்பரில் கடைசிச் சுரங்கமும் மூடியாயிற்று, ஆனால் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ‘என்றென்றைக்குமான சுமை’ என்று ஜெர்மன்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவுக்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து வருஷத்துக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் செலவழிக்கிறார்கள். கோயிலுக்கு நித்திய பூஜைக்கு நிலம் எழுதி வைக்கிற மாதிரி, தண்ணீர் இறைக்க நித்தியக் கட்டளை.

“அப்ப நெய்வேலியில?” என்றான் தம்பி.

நெய்வேலிக் கதை வேறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீரோடு கருப்பாகத் தூள் வந்ததிலிருந்து அது ஆரம்பிக்கிறது. 1956இல் அதை வெட்டி எடுக்க அரசு நிறுவனம் பிறந்தது. 1957 மே 20இல் நேரு வந்து வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை வெட்டி வெட்டி, பழுப்பு நிலக்கரி முகம் தெரிந்தது 1961 ஆகஸ்டில். மறுவருஷமே மின்சாரம். இங்கேயும் தண்ணீர்தான் பெரிய எதிரி, அதுவும் பக்கவாட்டில் கசிகிற தண்ணீர் மட்டும் இல்லை. கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கிற ஊற்று மேல்நோக்கி முட்டுகிறது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வரும்.

ஆனால் நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அதில் ஒரு விசித்திரம் உண்டு. ராட்சதச் சக்கரத்தில் வாளி கட்டிய மாதிரி இருக்கிற இயந்திரம் முன்பக்கம் மண்ணை வெட்டிக்கொண்டே போகும். வெட்டிய மண்ணைப் பெல்ட் சுற்றிக் கொண்டுவந்து பின்பக்கம், கரி எடுத்து முடிந்த குழியில் கொட்டும். சுரங்கம் ஒரே இடத்தில் இருக்காது, ஊர்ந்து போகும். 1961இல் கரி முதன்முதலில் தெரிந்த இடத்தைப் பார்க்கிறேன் என்று போனால், வழியெல்லாம் கொட்டிய மண்மேடும் மேலே வைத்த மரமும்தான். நிலத்தடிச் சுரங்கத்தில் குகையையாவது பாதுகாக்கலாம், இங்கே பாதுகாக்க வெற்றிடம்கூடக் கிடையாது. அதற்கும் முன்னால் அங்கே இருந்த ஊர்களைத் தேடினால், பெயரில்தான் கிடைக்கும். நகரியத்துக்குள் பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டம் நெரிகிற வில்லுடையான்பட்டு முருகன் கோயில், ஒரு கிராமத்தின் பெயரைத் தன் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறது.

ஆகவே நெய்வேலியில் மிஞ்சக்கூடியது இயந்திரங்களும் முதலாம் அனல் மின் நிலையமும்தான். சோவியத் உதவியில் கட்டியது, 600 மெகாவாட், 1962இல் தொடங்கி 2020 செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெற்றது. தம்பியின் கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது.

அரசு நிறுவனத்தில் ஓய்வு பெற்ற இயந்திரத்துக்கு என்ன நடக்கும்? அது கணக்கில் ‘சொத்து’ என்கிற பக்கத்திலிருந்து ‘அகற்ற வேண்டியது’ என்கிற பக்கத்துக்கு மாறும். பிறகு இணையத்தில் ஏலம். ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே’ என்பதுதான் ஏல நிபந்தனை. ஏலம் எடுத்தவர் இத்தனை மாசத்துக்குள் அறுத்து எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்து தர வேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பொறுப்பில் இருக்கிற அதிகாரி ஒரு டர்பைனை ‘இது இருக்கட்டும்’ என்று சொன்னால், அந்த எடைக்கான தொகையை ஏன் விட்டாய் என்று தணிக்கையில் கேட்பார்கள். ‘வரலாறு’ என்று பதில் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. செம்பு, பித்தளை, ஈயம் எல்லாம் முதல் வாரத்திலேயே போய்விடும். மீட்டர், பெயர்த்தகடு, கன்ட்ரோல் ரூம் பேனல், லாக் புக் எல்லாம் அதோடு போகும். இரும்புக்காவது கடைசியில் எடை உண்டு, லாக் புக்குக்கு அதுவும் இல்லை.

இடத்தை அப்படியே விட்டுவிட்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. அதற்கு நம் ஜனங்கள் பார்த்துவைத்த உதாரணம் கோலார் தங்கவயல். தங்கச் சுரங்கம்தான், ஆனால் தமிழர்கள் வெட்டிய சுரங்கங்களில் அதுபோல வேறில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே இறங்கி வேலை பார்த்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 1902இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கே வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்தச் சுரங்கத்துக்குள்தான் 1965இல் விஞ்ஞானிகள் வானிலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தைப் பார்த்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள், பம்பும் நின்றது, தண்ணீர் ஏறியது. அவ்வளவு ஆழத்து உலகம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

மேலே நிற்பது 13 சயனைடு மேடுகள். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய தூள். காற்றடி காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும் என்று அங்கே உள்ளவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மேடுகள் ஊரின் அடையாளம், சினிமாக்காரர்களெல்லாம் வந்து படம் எடுத்த இடம். ஆனால் அதே மேடு ஊரின் நோயும்கூட. அதற்குள் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது என்பதால் மறுபடி அரைத்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அரசு சம்மதம் தெரிவித்தது. அந்த மேட்டை என்ன செய்யலாம் சொல்லுங்கள். பாதுகாத்தால் தூசியைப் பாதுகாக்கிறோம். சுத்தம் செய்தால் அங்கே நடந்ததற்கான பெரிய சாட்சியை அழிக்கிறோம். எனக்குப் பதில் தெளிவு: மூச்சு விடுகிற குழந்தை முதலில், அடையாளம் பிறகு. மேட்டைச் சுத்தம் செய்யட்டும், ஆனால் அதற்கு முன் அதை முழுசாக அளந்து, படம் எடுத்து, அதன் அடியில் வாழ்ந்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்துவிட்டுச் செய்யட்டும்.

இதே கேள்வி நம் எண்ணூருக்கும் வரும். நாளைக்கு யாராவது ஒரு புகைபோக்கியை நிறுத்தி வைத்து, விளக்குப் போட்டு, ‘தமிழ்நாட்டுக்கு ஒளி தந்த இடம்’ என்று பலகை வைத்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் செப்பாக்கத்துச் சாம்பலைப் பற்றியும் முகத்துவாரத்து இறாலைப் பற்றியும் அந்தப் பலகையில் ஒரு வரி இல்லையென்றால், காட்டுக்குப்பத்து மீனவப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பாள்? நெய்வேலியிலும் அதே சங்கடம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த இயந்திரத்தின் தாத்தா போன்ற ஒன்றைப் பீடத்தில் ஏற்றிவைக்கும்போது, நிலம் கொடுத்தவர்களின் பெயரும் பீடத்தில் இருக்க வேண்டும்.

முடியும் என்பதற்கு இந்தோனேசியாவில் சாவாலுந்தோ சாட்சி. மேற்குச் சுமத்ராவில் டச்சுக்காரர்கள் நடத்திய கரிச் சுரங்க ஊர். பழவேற்காட்டில் கல்லறை கட்டிய அதே நாட்டுக்காரர்கள்தான். அங்கே கைதிகளைக் காலில் சங்கிலி போட்டு வேலை வாங்கினார்கள். அவர்களைச் ‘சங்கிலி மனிதர்கள்’ என்றே ஊர் அழைத்தது. அந்த ஊர் இன்றைக்கு அந்தச் சங்கிலியை ஒளித்து வைக்கவில்லை. பழைய சுரங்க வழியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதில் சங்கிலி மனிதர்களின் கதையையே முதலில் சொல்கிறார்கள். 2019இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஜெர்மனியின் எஸன் நகரத்து சோல்ஃபெரைன் சுரங்கத்தைப் பற்றியும் தம்பியிடம் சொன்னேன். 1932இல் கட்டிய அதன் 12ஆம் எண் சுரங்கக் கோபுரம் இன்றைக்கு உலகம் பூராவும் தெரிந்த படம். அது எப்படிப் பிழைத்தது? 1986 டிசம்பர் 23இல் அந்தச் சுரங்கம் மூடியது. அதே டிசம்பரில், மூடுவதற்கு முன்பாகவே, அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள். மாநில அரசே வாங்கிக்கொண்டது. கட்டர் உள்ளே வருவதற்கு முன்னால் சட்டம் உள்ளே வந்துவிட்டது. 2001இல்தான் யுனெஸ்கோ அங்கீகாரம். நடுவில் 15 வருஷம் என்ன செய்யலாம், எதை வைத்து எதை விடலாம் என்று நிதானமாக யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. இரும்பு அப்படியே இருந்ததால் கிடைத்த நேரம் அது.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். பழைய சுரங்கத்தை, பழைய உலையை எப்போது பாதுகாப்பது என்றால், அது பழசாவதற்கு முன்னால். ஓடிக்கொண்டிருக்கும்போதே எது இருக்க வேண்டும் என்று பெயிண்டால் குறி போட்டுவிட வேண்டும். மூடிய பிறகு கூடுகிற குழு எடைச்சீட்டைத்தான் பார்க்கும்.

இதற்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2009இல் மத்திய நிலக்கரி அமைச்சகம், ஒவ்வொரு சுரங்கமும் ஓடும்போதே மூடும் திட்டம் எழுதி, அதற்கான பணத்தை வருஷா வருஷம் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று அன்றைய கணக்கு. குழியை மூட, மரம் வைக்க, தண்ணீரைச் சுத்தம் செய்ய என்று அந்தப் பணம் வைக்கப்படுகிறது. அந்தத் திட்டத்திலேயே எந்த இயந்திரம், எந்தக் கட்டடம், எந்த ஆவணம் நிற்கப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும். மின் நிலையங்களுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம். அப்போது அந்த அதிகாரிக்கும் தணிக்கையில் காட்ட ஒரு தாள் இருக்கும். நாக்பூருக்குப் பக்கத்தில் சாவ்னேரில் கரிச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வரத் தயாராக ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு அனல் மின் நிலையம் பல நூறு ஏக்கர். ஒரு டர்பைன், அதை ஓட்டிய கன்ட்ரோல் ரூமின் ஒரு பேனல், டைம் ஆபீஸ் அறை, ஷிப்ட் சங்கு, இவை இருந்தால் மீதியைப் படமாகவும் வரைபடமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைக்கிற ஒன்றை ஓடுகிற நிலையில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் திறமை வேண்டுமே என்றால், இருக்கிறது. 1855இல் இங்கிலாந்தில் செய்த ‘ஈ.ஐ.ஆர். 21’ என்கிற நீராவி என்ஜினை 2010இல் நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் பல பாகங்களைப் புதிதாகச் செய்து பூட்டி மறுபடி ஓட விட்டார்கள். 155 வருஷத்து என்ஜின். அதைப் பூட்டி ஓட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குப் படும். பாய்லர்களுக்கும் அப்படி ஆட்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். இன்னும் இருபது வருஷத்துக்கு இருப்பார்களா?

இதைச் சொன்னதும் தம்பி பேசாமல் போனை எடுத்து அப்பாவுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டான். “அப்பா, இங்க ஒரு அண்ணன் நம்ம பிளாண்ட பத்திக் கேக்குறாரு, சொல்லுங்க” என்று மேஜையில் வைத்தான்.

“வணக்கம் சார், என்ன தெரியணும்?” என்றார் அவர்.

உலைக்குள்ளே தீ ஒழுங்காக எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் ஐயா என்று கேட்டேன்.

“அதுவா சார். பாய்லர் சுவத்துல சின்ன ஓட்டை இருக்கும், பீப் ஹோல்னுவோம். வெறுங்கண்ணால பாத்தா கண்ணு போயிடும். நீலக் கண்ணாடி வச்சுத்தான் பாக்கணும். புதுசா வர்ற பசங்க தீயோட நடுவுல பாப்பாங்க. அங்க பாக்கக் கூடாது. ஓரத்துல பாக்கணும். நம்ம லிக்னைட்டு பாதிக்குப் பாதி ஈரம் சார், மழைக் காலத்துல கேக்கவே வேணாம். ஈரம் ஜாஸ்தியா உள்ள போச்சுன்னா ஓரத்துலதான் மொதல்ல கறுப்பாக் கோடு விழும். மீட்டர்ல முள்ளு இறங்குறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்சிடும். அதுக்கும் முன்னாடி கரிய அரைக்கிற மில்லு சத்தம் மாறும். எப்படி மாறும்னு கேட்டா...”

அந்தச் சத்தத்தை அவர் வாயாலேயே செய்து காட்டினார். போன் ஸ்பீக்கரில் அது கரகரவென்று வந்தது. டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். “இல்ல சார், இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்” என்று மறுபடி செய்தார். தம்பி சிரித்துக்கொண்டே ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினான். “அப்பா, இன்னொரு தடவ.”

எடைமேடையில் பல்சக்கர லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவர் மூன்றாம் முறையாக, மெதுவாக, மில் நல்லபடி ஓடுகிற சத்தத்திலிருந்து ஆரம்பித்தார்.